மருந்தின் விலையை முடிவு செய்வது யார்?

திருக்குறளில் மருந்துக்கென்றே ஓர் அதிகாரம் இருப்பது நமக்குத் தெரியும். அந்த அதிகாரத்தின் முடிவில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பிரித்துக் காட்டுகிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து மருந்து கொடுத்துப் பார்த்துக் கொள்பவர் ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் மருத்துவம் என்கிறார். இன்றைக்கும் எந்த மருத்துவமனைக்குப் போனாலும் இந்த நான்கையும் காணலாம்.

ஆனால் வள்ளுவர் காலத்தில் இல்லாத ஐந்தாவது கூறு ஒன்று இன்று சேர்ந்திருக்கிறது. அதுதான் மருந்துத் தொழில்துறை. நோயாளி அதைப் பார்ப்பதில்லை. அதோடு பேசுவதும் இல்லை. இருந்தாலும், எந்த நோய்க்கு மருந்து கண்டுபிடிக்கப்படும், அது எந்த நாட்டுக்கு எப்போது வரும், என்ன விலைக்கு வரும் என்பதையெல்லாம் பெரும்பாலும் தீர்மானிப்பது அதுதான்.

இந்தத் துறையை வெறும் கொள்ளைக்காரர்களின் கூட்டம் என்று சிலர் சொல்கிறார்கள். மனித குலத்தைக் காக்க வந்த தெய்வம் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். இரண்டுமே முழு உண்மையல்ல. நம் மலேசிய நாட்டிலேயே நடந்த ஒரு நிகழ்வை எடுத்துக்கொண்டு பார்த்தால் உண்மை எங்கே இருக்கிறது என்பது விளங்கும். அது ஹெப்படைட்டிஸ் சி என்னும் கல்லீரல் நோய்க்கான மருந்து நம் நாட்டுக்கு வந்த கதை.

சத்தமில்லாத நோய்

ஹெப்படைட்டிஸ் சி என்பது இரத்தத்தின் வழியாகப் பரவும் ஒரு கிருமி. 1989-ஆம் ஆண்டில்தான் இந்தக் கிருமி அடையாளம் காணப்பட்டது. இதைக் கண்டறிவதில் முக்கியப் பங்காற்றிய ஹார்வி ஆல்டர், மைக்கேல் ஹௌட்டன், சார்ல்ஸ் ரைஸ் ஆகிய மூவருக்கும் 2020-ஆம் ஆண்டில் மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இந்த நோயின் கொடுமை அதன் அமைதியில் இருக்கிறது. கிருமி உடலில் புகுந்த பிறகு இருபது, முப்பது ஆண்டுகள் வரை பெரிய அறிகுறி எதுவும் தெரியாமல் இருக்கலாம். அதற்குள் கல்லீரல் சிறிது சிறிதாகச் சுருங்கி இறுகிப் போகிறது. சிலருக்கு அது கல்லீரல் புற்றுநோயில் போய் முடிகிறது. வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி மருத்துவமனைக்கு வரும்போது பலருக்குக் காலம் கடந்து விடுகிறது.

முன்பு இதற்கு இருந்த சிகிச்சை இன்டர்ஃபெரான் ஊசி. நோயின் வகையைப் பொறுத்து ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஊசி போட வேண்டும். காய்ச்சல், களைப்பு, மனச்சோர்வு, முடி கொட்டுதல் என்று பக்கவிளைவுகள் நோயாளியை வாட்டி எடுக்கும். அவ்வளவு துன்பப்பட்டும் ஏறத்தாழ பாதிப் பேருக்குத்தான் நோய் குணமாகும்.

2013-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் இந்த நிலைமை மாறியது. சொஃபோஸ்புவிர் என்னும் மாத்திரைக்கு அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அனுமதி கொடுத்தது. நாளுக்கு ஒரு மாத்திரை. வேறொரு மருந்தோடு சேர்த்துப் பன்னிரண்டு வாரம் சாப்பிட்டால் பெரும்பாலான நோயாளிகள் முற்றாகக் குணமடைந்தார்கள். இது மருத்துவ வரலாற்றில் ஒரு பெரிய வெற்றி என்பதில் ஐயமில்லை. இந்த வெற்றியை நமக்குத் தந்தது மருந்துத் தொழில்துறைதான் என்பதையும் நாம் நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒரு மாத்திரை ஆயிரம் டாலர்

அடுத்து வந்தது விலை. அமெரிக்காவில் அந்த மாத்திரை ஒன்றின் விலை 1,000 டாலர். பன்னிரண்டு வாரத்திற்கு 84 மாத்திரைகள். ஆக மொத்தம் 84,000 டாலர். அன்றைய நாணய மாற்று விகிதப்படி நம் பணத்தில் ஏறத்தாழ 2 லட்சத்து 70 ஆயிரம் ரிங்கிட். ஒரு சாதாரணத் தொழிலாளி வாழ்நாள் முழுவதும் சேமித்தாலும் சேர்க்க முடியாத தொகை.

இந்த மாத்திரையைத் தயாரிக்க உண்மையில் எவ்வளவு செலவாகும்? இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஹில் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2014-இல் இதைக் கணக்கிட்டார்கள். பெருமளவில் தயாரித்தால் பன்னிரண்டு வாரத்திற்கான சொஃபோஸ்புவிரை 68 டாலர் முதல் 136 டாலர் வரையிலான செலவில் தயாரித்துவிடலாம் என்பது அவர்களுடைய மதிப்பீடு. அப்படியானால் 68 டாலருக்கும் 84,000 டாலருக்கும் இடையில் இருப்பது என்ன?

ஆராய்ச்சிச் செலவு என்று நிறுவனங்கள் சொல்கின்றன. அதில் உண்மை இருக்கிறது. ஒரு புதிய மருந்து ஆய்வுக்கூடத்திலிருந்து கடைக்கு வரப் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் ஆகலாம். முதலில் விலங்குகளிடம் சோதனை. பிறகு சில டசன் மனிதர்களிடம், அடுத்து சில நூறு பேரிடம், கடைசியாகச் சில ஆயிரம் பேரிடம் என்று மூன்று கட்டச் சோதனை. மனிதர்களிடம் சோதிக்கப்படும் மருந்துகளில் பத்தில் ஒன்றுதான் இறுதியில் அனுமதி பெறுகிறது. தோற்றுப்போன ஒன்பதின் செலவையும் வெற்றி பெற்ற ஒன்றுதான் சுமக்க வேண்டும்.

இந்தச் சோதனைகளை வீண் செலவு என்று சொல்லிவிடவும் முடியாது. 1950-களின் இறுதியில் கர்ப்பிணிகளின் குமட்டலுக்குக் கொடுக்கப்பட்ட தலிடோமைட் என்ற மருந்தால் உலகெங்கும் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கை கால் குறையோடு பிறந்தன. போதிய சோதனையில்லாமல் ஒரு மருந்து வெளிவந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதுவே சான்று.

ஆனால் சொஃபோஸ்புவிரின் கதையில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தது ஃபார்மாசெட் என்ற ஒரு சிறிய நிறுவனம். கிலியட் என்ற பெரிய நிறுவனம் ஃபார்மாசெட்டை ஏறத்தாழ 11 பில்லியன் டாலர் கொடுத்து வாங்குவதாக 2011-இல் அறிவித்தது. 2014-ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் ஹெப்படைட்டிஸ் சி மருந்துகளை விற்று அந்த நிறுவனம் பெற்ற வருமானம் 12 பில்லியன் டாலருக்கு மேல். அதாவது, போட்ட முதலுக்கு ஈடான தொகை ஒரே ஆண்டின் விற்பனையில் வந்துவிட்டது. அமெரிக்க செனட் சபையின் நிதிக்குழு இந்த விலையைப் பற்றி விசாரித்து 2015 டிசம்பரில் அறிக்கை வெளியிட்டது. அதிக வருமானம் ஈட்டுவதையே முதன்மையாகக் கொண்டு இந்த விலை வைக்கப்பட்டது என்று அந்த அறிக்கை கூறியது.

காப்புரிமை என்னும் ஒப்பந்தம்

இவ்வளவு விலை வைக்க ஒரு நிறுவனத்தால் எப்படி முடிகிறது? காப்புரிமை இருப்பதால்தான். புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவர், அதன் விவரத்தை வெளியிட வேண்டும். அதற்குப் பதிலாக, விண்ணப்பித்த நாளிலிருந்து இருபது ஆண்டுகளுக்கு வேறு யாரும் அதைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது என்று அரசு பாதுகாப்புக் கொடுக்கிறது. 1995-இல் உலக வாணிப நிறுவனம் தோன்றியபோது இந்த விதி உறுப்பு நாடுகளுக்கெல்லாம் பொதுவாக்கப்பட்டது.

இங்கே ஒன்றை நன்றாகக் கவனிக்க வேண்டும். காப்புரிமை என்பது இயற்கை கொடுத்த உரிமையல்ல. சமுதாயம் ஒரு நோக்கத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தம் அது. 'நீ ஊக்கத்தோடு புதியதைக் கண்டுபிடி. அதற்குப் பரிசாகச் சில காலம் தனியுரிமை தருகிறோம்' என்பதே அதன் சாரம். ஆகவே அந்த ஒப்பந்தம் மக்களின் உயிருக்கே எதிராக நிற்கும்போது என்ன செய்வது என்பதையும் சட்டம் சொல்லியிருக்கிறது.

நம் நாட்டின் 1983-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 84-ஆவது பிரிவு அரசாங்கத்தின் உரிமைகளைப் பற்றியது. பொது நலன் கருதித் தேவைப்பட்டால், காப்புரிமை வைத்திருப்பவரின் சம்மதம் இல்லாமலேயே அந்தப் பொருளைப் பயன்படுத்த அரசாங்கம் அனுமதி கொடுக்கலாம். ஆனால் உரிமையாளருக்கு நியாயமான இழப்பீடு கொடுக்க வேண்டும். உலக வாணிப நிறுவனத்தின் விதிகளும் இதை அனுமதிக்கின்றன. 2001 நவம்பரில் கத்தார் நாட்டின் டோஹா நகரில் கூடிய உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள், பொதுச் சுகாதாரத்தைக் காக்கும் உரிமை ஒவ்வொரு நாட்டுக்கும் உண்டு என்று தெளிவாகப் பிரகடனம் செய்தார்கள்.

மலேசியா எடுத்த இரண்டு முடிவுகள்

இந்தப் பிரகடனம் வந்த இரண்டே ஆண்டுகளில் மலேசியா அந்த உரிமையைப் பயன்படுத்தியது. 2003-இல் உள்நாட்டு வாணிப, பயனீட்டாளர் விவகார அமைச்சு எச்.ஐ.வி. நோய்க்கான மருந்துகளை இந்தியாவின் சிப்லா நிறுவனத்திடமிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு இறக்குமதி செய்ய அனுமதி கொடுத்தது. அரசு மருத்துவமனைகளில் ஒரு நோயாளிக்கு மாதம் 315 அமெரிக்க டாலராக இருந்த சராசரிச் செலவு 58 டாலராகக் குறைந்தது. அதே பணத்தில் கூடுதல் பேருக்குச் சிகிச்சை கொடுக்க முடிந்தது. 1,500 பேருக்குக் கிடைத்த சிகிச்சை 4,000 பேருக்கு விரிந்தது.

இரண்டாவது முடிவுதான் ஹெப்படைட்டிஸ் சி மருந்தைப் பற்றியது. 2014-இல் கிலியட் நிறுவனம் சில இந்திய நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்து, 91 நாடுகளில் சொஃபோஸ்புவிரை மலிவு விலையில் விற்க வழி செய்தது. அந்தப் பட்டியலில் மலேசியா இல்லை. மலேசியா நடுத்தர வருமானம் உள்ள நாடு. ஆகவே மலிவு விலைக்குத் தகுதியில்லை என்றாகிவிட்டது. பணக்கார நாட்டின் விலையைக் கொடுக்கவும் முடியாது. ஏழை நாட்டின் சலுகையும் கிடைக்காது. 'இரண்டுங்கெட்டான்' என்று நம் ஊரில் சொல்வோமே, அந்த நிலைதான். அப்போதைய மதிப்பீட்டின்படி நம் நாட்டில் நான்கு முதல் ஐந்து லட்சம் பேர் இந்தக் கிருமியோடு வாழ்ந்து கொண்டிருந்தார்கள்.

சுகாதார அமைச்சு விலையைக் குறைக்கும்படி பேச்சு நடத்திப் பார்த்தது. பலன் கிடைக்கவில்லை. 2017-இல் அமைச்சரவை அரசாங்க உரிமையைப் பயன்படுத்த ஒப்புதல் கொடுத்தது. அந்தக் காலகட்டத்தில், ஆகஸ்டு மாதம், கிலியட் தன்னுடைய மலிவு விலைப் பட்டியலில் மலேசியாவையும் சேர்த்துக்கொண்டது. ஆனாலும் அரசாங்கம் பின்வாங்கவில்லை. செப்டம்பர் 20-ஆம் தேதி அன்றைய சுகாதார அமைச்சர் டத்தோஸ்ரீ டாக்டர் எஸ். சுப்பிரமணியம் இந்த முடிவை நாட்டுக்கு அறிவித்தார். சொஃபோஸ்புவிர் மீது இத்தகைய உரிமையைப் பயன்படுத்திய முதல் நாடு மலேசியாதான். அமெரிக்க மருந்து நிறுவனங்களின் சங்கம் கடும் எதிர்ப்புத் தெரிவித்தது. இருந்தும் 2018-இல் அரசு மருத்துவமனைகளில் இலவச சிகிச்சை தொடங்கியது. பன்னிரண்டு வாரச் சிகிச்சைக்கான மருந்துச் செலவு சுமார் 300 அமெரிக்க டாலர் அளவுக்கு இறங்கியது.

லாபத்தை நம்பாத இன்னொரு வழி

விலையைக் குறைத்ததோடு நம் நாட்டின் பங்கு முடிந்துவிடவில்லை. ஒரு புதிய மருந்தை உருவாக்குவதிலும் மலேசியாவுக்குப் பங்கு உண்டு. 'புறக்கணிக்கப்பட்ட நோய்களுக்கான மருந்து முயற்சி' என்ற லாப நோக்கில்லாத அமைப்பு 2003-இல் தொடங்கப்பட்டது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும், இந்தியா, பிரேசில், கென்யா ஆகிய நாடுகளின் ஆய்வு நிறுவனங்களும், பிரான்சின் பாஸ்டர் கழகமும் சேர்ந்து தொடங்கிய அந்த அமைப்பில் மலேசிய சுகாதார அமைச்சும் ஒரு நிறுவன உறுப்பினர்.

இந்த அமைப்பும், நம் நாட்டின் ஃபார்மனியாகா நிறுவனமும், எகிப்தின் ஃபார்கோ நிறுவனமும் கைகோத்து ரவிடாஸ்விர் என்ற புதிய மாத்திரையை உருவாக்கின. மலேசியாவிலும் தாய்லாந்திலும் 301 நோயாளிகளுக்கு இந்த மாத்திரை சொஃபோஸ்புவிருடன் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. அவர்களில் 97 விழுக்காட்டினர் குணமடைந்தார்கள். 2021 ஜூன் மாதம் நம் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் அதற்கு நிபந்தனையுடன் அனுமதி கொடுத்தது. 

'காப்புரிமையை மீறினால் நாளைக்கு யார் ஆராய்ச்சி செய்வார்கள்?' என்று சிலர் கேட்கலாம். இது நியாயமான கேள்வி. எல்லா நாடுகளும் எல்லா மருந்துகளுக்கும் இப்படிச் செய்தால் முதலீடு குறையும் என்பது உண்மைதான். ஆனால் இங்கே நடந்தது சட்டத்தை மீறிய செயல் அல்ல. சட்டத்தில் எழுதியிருப்பதை, வேறு வழியில்லாதபோது மட்டும், இழப்பீட்டுக் கடமையோடு பயன்படுத்தியிருக்கிறோம்.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். லாபம் மட்டுமே வழிகாட்டியாக இருந்தால் நமக்குத் தேவையான மருந்துகள் வந்துவிடும் என்பதற்கு உறுதி ஏதும் இல்லை. நுண்ணுயிர்க் கொல்லி மருந்துகளைப் பாருங்கள். பழைய மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் பெருகி வருகின்றன. புதிய மருந்து உடனே தேவை. அமெரிக்காவின் அக்கேவோஜென் என்ற நிறுவனம் அப்படி ஒரு மருந்தை உருவாக்கி 2018-இல் அனுமதியும் பெற்றது. ஆனால் அடுத்த ஆண்டே அந்த நிறுவனம் திவாலாகிவிட்டது. காரணம் எளிது. வாழ்நாள் முழுவதும் சாப்பிடும் இரத்த அழுத்த மாத்திரையில் வருமானம் நிற்காமல் வரும். ஒரு வாரம் மட்டும் சாப்பிடும் மருந்தில், அதுவும் மருத்துவர்கள் கடைசி ஆயுதமாக எடுத்து வைத்திருக்கும் மருந்தில், எவ்வளவு விற்பனை இருக்க முடியும்? சந்தைக்கு லாபம் தராத நோய்க்கு மருந்து வேண்டுமென்றால் அரசாங்கங்களும் பொது அமைப்புகளும்தான் முன்வர வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

இதெல்லாம் அரசாங்கங்களும் பெரிய நிறுவனங்களும் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம், நமக்கு இதில் என்ன என்று இருந்துவிடக் கூடாது. நம் கையிலும் சில பொறுப்புகள் இருக்கின்றன.

முதலாவது, பரிசோதனை. எவ்வளவு மலிவாக மருந்து இருந்தாலும், நோய் இருப்பதே தெரியாதவருக்கு அதனால் பயனில்லை. 1990-களின் நடுப்பகுதிக்கு முன்பு இரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், நெடுநாள் டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், ஊசியைப் பகிர்ந்துகொண்டு போதைப்பொருள் பயன்படுத்தியவர்கள், சுத்தமில்லாத ஊசியால் பச்சை குத்திக்கொண்டவர்கள் ஆகியோர் அவசியம் ஒரு முறை இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். வெட்கப்பட்டோ பயந்தோ தள்ளிப்போட வேண்டாம். இது குணமாகும் நோய்.

எகிப்து இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரே ஊசியைப் பலருக்கும் போட்ட பழைய சிகிச்சைத் திட்டத்தால் அந்த நாட்டில் இந்தக் கிருமி ஏராளமானோருக்குப் பரவியிருந்தது. 2018-லும் 2019-லும் அரசாங்கம் ஏறத்தாழ 5 கோடிப் பேரைப் பரிசோதித்து, நோய் கண்டவர்களுக்கு உள்நாட்டில் தயாரான மருந்தை இலவசமாகக் கொடுத்தது. நோயை ஒழிக்கும் பாதையில் எகிப்து அடைந்த முன்னேற்றத்தை 2023-இல் உலக சுகாதார நிறுவனம் பாராட்டி அங்கீகரித்தது.

இரண்டாவது, மருந்தின் பெயரைத் தெரிந்துகொள்வது. ஒவ்வொரு மருந்துக்கும் இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று நிறுவனம் வைக்கும் வணிகப் பெயர். மற்றொன்று அதில் உள்ள மருந்துப் பொருளின் பெயர். காப்புரிமைக் காலம் முடிந்ததும் மற்ற நிறுவனங்களும் அதே மருந்தைத் தயாரிக்கலாம். இவற்றைத்தான் ஜெனரிக் மருந்துகள் என்கிறோம். 'விலை குறைவு என்றால் தரமும் குறைவு' என்ற எண்ணம் நம்மவர்களிடம் பரவலாக இருக்கிறது. அது சரியல்ல. மூல மருந்தைப் போலவே உடலில் வேலை செய்கிறது என்பதற்கான சான்றுகளைப் பார்த்த பிறகே அனுமதி கொடுக்கப்படுகிறது. 'இதே மருந்தில் ஜெனரிக் இருக்கிறதா?' என்று மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ தயங்காமல் கேளுங்கள். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாதாமாதம் மருந்து வாங்கும் குடும்பத்திற்கு இந்த ஒரு கேள்வி பெரிய மிச்சத்தைத் தரலாம். ஆனால் மருத்துவரைக் கேட்காமல் நாமாகவே மருந்தை மாற்றுவதோ நிறுத்துவதோ ஆபத்து.

மூன்றாவது, விலையைக் கேட்பது. நம் நாட்டில் தனியார் கிளினிக்குகளில் மருத்துவரே மருந்தையும் கொடுப்பது வழக்கம். ஆலோசனைக்கு எவ்வளவு, மருந்துக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேட்கும் பழக்கம் நம்மிடம் குறைவு. 2025 மே 1-ஆம் தேதி முதல் தனியார் கிளினிக்குகளும் மருந்தகங்களும் மருந்தின் விலையைப் பார்வைக்கு வைக்க வேண்டும் என்ற உத்தரவு நடப்புக்கு வந்தது. மருத்துவர்கள் தரப்பில் இதற்கு எதிர்ப்பும் இருந்தது. எப்படியிருந்தாலும், பயனீட்டாளர்கள் அந்த விலைப்பட்டியலைப் பார்க்கவே இல்லையென்றால் உத்தரவு காகிதத்தில்தான் இருக்கும்.

நான்காவது, அரசாங்கம் கையெழுத்திடும் வாணிப ஒப்பந்தங்களைக் கவனிப்பது. மருந்தின் காப்புரிமைக் காலத்தை நீட்டிக்கும் விதிகள் அங்கேதான் நுழைகின்றன. பசிபிக் வட்டார நாடுகளின் வாணிப ஒப்பந்தத்தில் அப்படிப்பட்ட விதிகள் இருந்தன. அமெரிக்கா 2017-இல் விலகிய பிறகு, மற்றப் பதினொரு நாடுகளும் 2018-இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தில்தான் அவற்றுள் பல நிறுத்தி வைக்கப்பட்டன. நிறுத்தி வைக்கப்பட்டவை என்றாவது திரும்பவும் பேச்சு மேசைக்கு வரலாம். அப்போது பொதுமக்கள் விழிப்போடு இருக்க வேண்டும்.

1921-இல் கனடாவில் இன்சுலினைக் கண்டுபிடித்த குழுவினர், அதன் காப்புரிமையை டொரொண்டோ பல்கலைக்கழகத்திற்குத் தலைக்கு ஒரு டாலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். எல்லா மருந்து நிறுவனங்களும் அப்படி நடக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. தொழில் என்றால் லாபம் வேண்டும்தான். அந்த லாபத்திற்கு எங்கே எல்லை போடுவது என்பதை மட்டும் நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்திடம் விட்டுவிடக் கூடாது. அதை முடிவு செய்யும் உரிமை சட்டத்தின் வழியாக நமக்கும் இருக்கிறது. அந்த உரிமையைப் பயன்படுத்திய காரணத்தால், கல்லீரல் கெட்டு இறந்திருக்க வேண்டிய எத்தனையோ பேர் இன்று நம் நாட்டில் நலமாகத் தம் குடும்பத்தோடு இருக்கிறார்கள்.